மாசிலாமணி பட்லரின் நோட்டு

கையெழுத்து என்னுடையதுதான் ஐயா. 'சுகிர்தம் பாக்கியநாதன்' என்று கோணல்மாணலாக இருக்கிறதே, நான்தான் போட்டேன். என் கணவருடைய கல்லறையைத் திறப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மேலே எழுதியிருக்கிறது. பாப்பா வாசித்துக் காட்டித்தான் வாங்கினாள். ஏமாற்றி வாங்குகிறவள் இல்லை என் மகள்.

ஆனால் நீங்கள் முடியாது என்று சொல்லிவிடவேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தேன்.

உட்காரட்டுமா? மேட்டில் ஏறி வந்ததில் மூச்சு வாங்குகிறது. இல்லை, தண்ணீர் வேண்டாம். நீங்கள் கல்லறைத் தோட்டத்துச் செயலாளராகி இரண்டு மாதம்தான் ஆகிறது என்றார்கள். தர்மபுரிப் பக்கமாமே. அதனால் எங்கள் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. இந்த ஏற்காட்டில் பழைய ஆட்களுக்கெல்லாம் தெரியும். 'பட்லர் வீடு' என்றால் கைகாட்டுவார்கள். என் கணவர் முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீசில் வேலை பார்த்தார், இருந்தும் எங்கள் வீடு பட்லர் வீடுதான். அவருடைய தாத்தா மாசிலாமணி, கார்ஸ்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். துரை காப்பி எஸ்டேட் வைத்திருந்தார். புத்தகமும் எழுதினார். சாதாரணப் புத்தகம் இல்லை ஐயா. நூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் காலேஜில் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

துரை நல்ல மனுஷர். சீமைக்குத் திரும்பும்போது எங்கள் வீட்டு மனையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் படம் இன்றைக்கும் எங்கள் ஹாலில் இருக்கிறது. தாத்தாவும் அந்தப் படத்தில் நின்றவர்தான். பிரேம் உளுத்துப்போய்ப் புதுசு போடக் கொடுத்தபோது, சேலத்துக் கடைக்காரர், "படம் அகலமா இருக்கும்மா, ஒரு பக்கம் கொஞ்சம் வெட்டணும், எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? துரை இருக்கிற பக்கத்தை வெட்டச் சொல்ல முடியுமா? தாத்தாவின் கை மட்டும் இப்போது இருக்கிறது. தட்டு பிடித்த கை. பாப்பா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. என்ன பிள்ளையோ.

பாப்பா என்றால் சின்னப் பெண் என்று நினைக்காதீர்கள். முப்பத்தாறு முடிந்துவிட்டது. பெனினா என்று பேர். மூத்தவன் ஜெபராஜ், ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான், இரண்டு குழந்தைகள். இவள்தான் படிப்பு படிப்பு என்று இருந்துவிட்டாள். ஐதராபாத்தில் தங்கி, இங்கிலீஷில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. அவன் போனில் கேலி பண்ணுவான்: "ஒரு பட்லர் நோட்டை வச்சு ஏழு வருஷமா டாக்டராகிக்கிட்டே இருக்கியேடி, நான் டிப்ளமோவை மூணு வருஷத்துல முடிச்சேன்." இவள், "நீ முடிச்ச, அது உன்னை முடிச்சிருச்சு" என்பாள். நன்றாகப் பேசுவாள். இப்போது பேசுவதில்லை.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தாத்தா ஒரு நோட்டு எழுதியிருந்தார். துரை கொடுத்த நோட்டுதான். நீளமாக, காக்கி அட்டை போட்டு, கெட்டித் தாள். தினம் மனதில் என்ன ஓடுகிறதோ அதை உன் பாஷையில் எழுது என்று துரை சொல்லியிருக்கிறார். சாயங்காலம் தாத்தா அதைத் தமிழில் வாசித்து, பட்லர் இங்கிலீஷில் அர்த்தம் சொல்வாராம். துரை கேட்டுக்கொண்டே டைப் அடிப்பாராம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நான் எட்டாவதுதான். பைபிளும் கீர்த்தனைப் புத்தகமும் தவிர நான் எதை வாசித்தேன்?

பாப்பா எம்.ஏ. படிக்கும்போது துரையின் புத்தகம் பாடமாக வந்தது. வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, நம்ம துரைம்மா!" எனக்கும் பெருமைதான். நான் கேட்டேன், "அதுல தாத்தா இருக்காரா பாப்பா?"

"இருக்கார்மா. டீ கொண்டுவர்றார்."

"பேர் போட்டிருக்கா?"

"'பாய்'னு போட்டிருக்கு. பையன்னு."

"துரை செல்லமா கூப்பிட்டிருப்பார்."

"தாத்தாவுக்கு அப்போ முப்பத்தெட்டு வயசும்மா."

அதோடு விட்டிருக்கலாம். இவள் அப்பா விட்டாரா? "அந்தப் புத்தகத்துல ஒரு குழந்தை சாகுதே, அந்த இடத்தை வாசி" என்றார். வாசித்தாள். நாற்பது பக்கம் ஐயா. நடுவில் நிறுத்தம் ஒன்று கிடையாது, மூச்சே விடாமல் போகிறதாம். ஒரு துரைக்கு ஒரே மகள், காய்ச்சலில் கிடக்கிறாள், துரை பக்கத்து அறையில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், பையன் டீ கொண்டுவருகிறான், எடுத்துப் போகிறான், மறுபடி கொண்டுவருகிறான். அவ்வளவுதான். லண்டனில் அதை வாசித்துவிட்டு, இப்படி ஒருத்தரும் எழுதினதில்லை, இது புது இலக்கியம் என்று கொண்டாடியிருக்கிறார்கள்.

அப்புறம் இவள் அப்பா பீரோவிலிருந்து தாத்தாவின் நோட்டை எடுத்து இரண்டு பக்கம் காட்டினார். பாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கார்ஸ்டன் துரைக்குப் பிள்ளையே கிடையாது ஐயா. கல்யாணமே பண்ணவில்லை. செத்தது தாத்தாவின் மகள். சாராள். ஆறு வயசு.

பாப்பா எனக்கும் விளங்குகிற மாதிரி சொன்னாள். "அந்தக் காலத்துல லண்டன்ல புதுசா எழுதணும்னு ஒரு கூட்டம் கிளம்புச்சும்மா. பழைய மாதிரி கதை சொல்லக் கூடாது, மனசு ஓடற மாதிரியே எழுதணும்னு. அந்தப் புதுசு எங்கேருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கல. அவங்க ஆண்ட ஊர்லேருந்தெல்லாம் காப்பிக்கொட்டை போச்சு, தேக்கு போச்சு. அதே கப்பல்ல இதுவும் போச்சு. நான் அதைத்தான் எழுதப் போறேன்."

காப்பிக்கொட்டையும் கண்ணீரும் ஒன்றா ஐயா? துரை அழகாக எழுதினார், உலகம் வாசித்தது. தாத்தா நோட்டிலேயே கிடந்திருந்தால் யார் வாசித்திருப்பார்கள்? சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

ஆராய்ச்சி தொடங்கி மூன்றாம் வருஷம் நோட்டு வேண்டும் என்றாள். என் கணவர் இரண்டு பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பினார். "மீதியை நீயே வந்து ஒழுங்கா எடுத்துக்க பாப்பா, என் கை நடுங்குது" என்றார். கிறிஸ்மஸ் லீவுக்கு வருகிறேன் என்றாள். டிசம்பர் நாலாம் தேதி அவர் போய்விட்டார். மார்வலி. ஜெபத்துக்கு முழங்காலில் நிற்கும்போதே சாய்ந்துவிட்டார். நல்ல சாவு. ஸ்தோத்திரம்.

நம்மில் வழக்கம் இருக்கிறதே, அவரவர் வாசித்த வேதப்புத்தகத்தைச் சவப்பெட்டியில் கூடவே வைக்கிற வழக்கம். நாற்பது வருஷம் வாசித்து ஓரமெல்லாம் கந்தலாகிப்போன பைபிள், அதற்கு ஒரு துணிப்பை நானே தைத்துக் கொடுத்திருந்தேன். அதைத்தான் அவர் கைக்குக் கீழே வைத்தோம். பாப்பா ஐதராபாத்திலிருந்து வந்து சேரும்போது மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழுது முடித்து வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, "அம்மா, நோட்டு எங்கே?"

"அப்பா பைபிள் பையில இருந்துச்சும்மா. அதோட போயிருச்சு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "பரவால்லம்மா, உனக்கு எப்படித் தெரியும்" என்றாள். என் தலையைத் தடவினாள். அவள் அப்படித் தடவினதுதான் ஐயா, இன்னும் இங்கே இருக்கிறது.

இந்த நாலு வருஷத்தில் அவள் பட்ட பாட்டை நீங்கள் பார்க்கவேண்டும். காலேஜில் அவளுக்கு மேலே இருக்கிற பேராசிரியர் சொல்லிவிட்டாராம், இரண்டு பக்கப் போட்டோ செல்லாது, முழு நோட்டும் வேண்டும், தாளையும் மையையும் சோதிக்கவேண்டும். இன்னொருத்தர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "துரையோட புத்தகத்தைப் பார்த்து பட்லர் எழுதியிருப்பான். பட்லரைப் பார்த்து துரை எழுதினார்னா யாரும்மா நம்புவாங்க?" இந்த மாதம் முப்பதாம் தேதியோடு தவணை முடிகிறது. அதற்குமேல் நீட்டிக்க மாட்டார்கள். ஏழு வருஷமும் வீண். வேலையும் அதை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மனு. முந்தின செயலாளர், முந்தின பாஸ்டர், ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று ஏறி இறங்கி, கடைசியில் உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது.

அப்படியிருக்க ஏன் முடியாது என்று சொல்லச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள்.

இறந்தவரின் உறக்கத்தைக் கலைக்கக்கூடாது என்று சொல்லலாம். அப்படித்தான் சொல்ல நினைத்து வந்தேன். வழியெல்லாம் அதைத்தான் மனப்பாடம் பண்ணினேன். ஆனால் இது சபை ஆபீஸ். சுவரில் சிலுவை இருக்கிறது. இங்கே உட்கார்ந்து என்னால் முடியவில்லை.

நோட்டு அங்கே இல்லை ஐயா.

அவரை அடக்கம் பண்ணின அன்று காலையில், வந்தவர்கள் குளிக்க வெந்நீருக்குச் செம்பு பாய்லரை மூட்டினேன். டிசம்பர் மாதத்து ஏற்காடு, விறகெல்லாம் ஈரம். பற்றவே இல்லை. பேப்பர் தேடிப் பீரோவைத் திறந்தேன். இல்லை, அதுவும் பொய். பேப்பருக்காகத் திறக்கவில்லை. நோட்டுக்காகத்தான் திறந்தேன். அவர் உயிரோடு இருந்தவரை அதை ஒன்றும் பண்ண எனக்குத் துணிச்சல் இல்லை. பாப்பா வந்துவிட்டால் அது அவள் கைக்குப் போய்விடும். இடையில் எனக்கு இருந்தது அந்த ஒரு காலை மட்டும்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில், அவர் ஆபீஸ் போனபிறகு அதை வாசித்தேன். தாத்தா பக்திமான் என்று சொல்லியிருந்தார்களே, நல்ல சாட்சி ஏதாவது எழுதியிருப்பார் என்று. அதில் இருந்தது சாராள் செத்த நாள். பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கீழே இறங்கவேண்டும், துரையிடம் மோட்டார் இருக்கிறது. தாத்தா கேட்கிறார். துரை, இந்தப் பக்கத்தை முடித்துவிடுகிறேன், முதலில் டீ கொண்டுவா என்கிறார். கொண்டுபோகிறார். ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார். மறுபடி கொண்டுபோகிறார். மூன்றாம் தரம் தட்டோடு வராந்தாவில் நடக்கும்போது, பின்கட்டில் பிள்ளையின் சத்தம் நின்றுவிட்டது. தாத்தா தட்டைக் கீழே போடவில்லை ஐயா. கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பழக்கம்.

அடுத்த வாரம் துரை, "அன்னைக்கு உன் மனசுல என்ன ஓடுச்சோ அதை எழுது" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

அதெல்லாம்கூடப் பெரிதில்லை. துரைக்கு என்ன வேலையோ, என்ன அவசரமோ, நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் அதில் ஒரு வரி இருந்தது. உங்கள் முன்னால் சொல்ல நாக்கு கூசுகிறது. 'அந்த நேரம் தேவனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்' என்று எழுதியிருந்தார். எங்கள் தாத்தா. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர். தன் கையால், தமிழில்.

இருபத்திரண்டு வயசு எனக்கு அப்போது, வயிற்றில் ஜெபராஜ். நோட்டை மூடிவிட்டு முழங்காலில் நின்றேன். இந்த வரி இருக்கிற வீட்டிலா என் பிள்ளை பிறக்கவேண்டும் என்று அழுதேன். அன்றிலிருந்து பீரோவைக் கடக்கும்போதெல்லாம் ஒரு ஜெபம்.

வேடிக்கை என்ன தெரியுமா? துரையின் புத்தகத்தில் உலகமெல்லாம் எடுத்து எடுத்துச் சொல்வது அந்த வரியைத்தானாம். இங்கிலீஷில் அப்படியே இருக்கிறது. பாப்பா சொன்னாள், "அம்மா, அந்த ஒரு வரியைப் பத்தி மட்டும் தனியாப் புத்தகம் இருக்கு." நான் கேட்டேன், "ஏன் பாப்பா, அது தேவதூஷணம் இல்லையா?" சிரித்தாள். "துரை எழுதினதை அப்படி யாரும் சொல்லலம்மா."

சரிதானே ஐயா. துரை எழுதினால் அது புத்தகம். பெரிய படிப்பு படித்தவர், அவருக்கு அதற்குள் ஏதாவது ஆழமான அர்த்தம் இருக்கும். நம்ம வீட்டு ஆள் எழுதினால் அது பாவம் இல்லையா? ஊர் என்ன சொல்லும்? பட்லர் வீட்டு ஆட்கள் நன்றிகெட்டவர்கள், துரை கொடுத்த மனையில் இருந்துகொண்டு துரையையும் தூற்றினார்கள், தேவனையும் தூற்றினார்கள் என்று சொல்லாதா? பாப்பா அதை அச்சில் போட்டால் தாத்தாவின் ஆத்துமாவுக்கு என்ன கதி? நான் அதைத்தான் நினைத்தேன். வேறெதையும் நினைக்கவில்லை.

ஒவ்வொரு தாளாகக் கிழித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லித்தான் போட்டேன். கெட்டித் தாள், நன்றாக எரிந்தது. அந்த வெந்நீரில்தான் அவரைக் குளிப்பாட்டினார்கள்.

பாப்பா வந்து கேட்டதும் நாக்கில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பெட்டிக்குள் இருக்கிறது என்றால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். கல்லறையைத் திறக்க ஒரு பெண்பிள்ளை நாலு வருஷம் அலைவாள் என்று யார் நினைப்பார்கள்?

சொல்லிவிடுங்கள் என்கிறீர்களா? எத்தனை தரம் வாய் வரைக்கும் வந்தது தெரியுமா. அவள் என்னோடு பேசுவதே இந்த மனு விஷயமாகத்தான் ஐயா. 'அம்மா, ஆர்.டி.ஓ. லீவாம்.' 'அம்மா, இன்னொரு காப்பி வேணுமாம், ஆதார் எடுத்து வை.' வாரத்துக்கு இரண்டு தரம் போன் வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டால் ம் என்கிறாள். இதுவும் போனால் அவள் எனக்கு எதற்குப் போன் பண்ணுவாள்? இதைச் சொன்னபிறகு எதற்கு வீட்டுக்கு வருவாள்?

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அந்த நோட்டு மனப்பாடம். ஒரு தரம் வாசித்தது இல்லை ஐயா, நிறையத் தரம் வாசித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். பைபிளில் வருகிற சங்கீதம் மாதிரி மனதில் நின்றுவிட்டது. நூற்று மூன்றாம் சங்கீதம் சொல்ல ஆரம்பிப்பேன், நாலு வசனம் போனதும் தாத்தாவின் குரல் வந்துவிடும். 'தட்டு எடுத்தேன் கரண்டி வைத்தேன் பிள்ளை அப்பா என்றாள் வருகிறேன் என்றேன் கரண்டி ஆடிற்று பிடித்துக்கொண்டேன்' என்று. நிறுத்த முடியாது. முடிவு வரைக்கும் போய்த்தான் நிற்கும். நான் சொல்லச் சொல்ல பாப்பா எழுதலாம், அதுவும் தோன்றியது. ஆனால் எட்டாவது படித்த அம்மா சொன்னாள் என்றால் எந்தப் பேராசிரியர் நம்புவார்? இரண்டு பக்கப் போட்டோவையே நம்பாதவர்கள். பாவமும் என் தலையில், பிரயோஜனமும் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். விதி இடம் கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அவள் உங்களைத் திட்டுவாள், கமிட்டியைத் திட்டுவாள். திட்டட்டும். அப்பா நெஞ்சில் அது பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாவது இருப்பாளே.

என்ன?

எப்போது? நேற்றே கமிட்டி கையெழுத்துப் போட்டுவிட்டதா? ஆர்.டி.ஓ. தாளும் வந்துவிட்டதா? பாப்பாவுக்குச் சொல்லிவிட்டீர்களா?

வியாழக்கிழமை. காலை ஏழு மணி.

அவள் எனக்கு இன்னும் போன் பண்ணவில்லை. பஸ்ஸில் இருப்பாள். சேலம் வந்து பண்ணுவாள்.

ஐயா, ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு இந்த வேலையில் தெரிந்திருக்கும். இங்கே மண்ணுக்குள் நாலு வருஷம் தாள் நிற்குமா?

நிற்காதா?

பைபிளின் தோல் அட்டையும் நிற்காதா? ஒரு மழைக்குமேல் தாங்காது, கரையான் விடாது என்கிறீர்கள். பெட்டியின் பலகையே இருக்காதா. பைபிள் பைகூட. அப்படியானால் என்ன இருந்தது, என்ன இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படித்தானே? பாப்பா பார்த்துவிட்டு, மண் தின்றுவிட்டது என்றுதான் நினைப்பாள். வேறெதுவும் நினைக்க மாட்டாள்.

ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம் ஆண்டவரே.

ஏன் ஐயா என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களிடம் சொன்னது உங்களோடு இருக்கட்டும். நீங்களும் பெண்பிள்ளை பெற்றவர் என்று கேள்விப்பட்டேன். முப்பதாம் தேதி போனால் போகட்டும், என் பெயரில் குடும்பப் பென்ஷன் வருகிறது, இரண்டு பேருக்குப் போதும். அவள் வீட்டோடு வந்துவிடட்டும். நான் பார்த்துக்கொள்வேன்.

நான் வருகிறேன். வியாழக்கிழமை நானும் வந்துவிடுவேன், அவள் தனியாக நிற்கக் கூடாது. தோண்டுகிறவர்கள் எத்தனை பேர்? மூன்று பேரா. நீங்கள், பாஸ்டர், பாப்பா. ஏழு மணிக்குப் பனி இறங்கிக்கொண்டிருக்கும், கை விறைத்துவிடும். டீ போட்டுக் கொண்டுவருகிறேன். எவ்வளவு நேரம் ஆகுமோ, பெரிய பிளாஸ்க்கிலேயே கொண்டுவருகிறேன். ஆறிப்போனால் வீட்டுக்குப் போய் மறுபடி போட்டுக்கொண்டு வருவேன். பக்கம்தான்.